‘எதிர்ப்புச் சக்தி’ என்னும் சொல்: தடுப்பாற்றல் ஏற்பிகள், புற்றுநோய் மருத்துவம் பற்றிய தமிழ் எழுத்துகள் மீது ஒரு விமர்சனம்

புற்றுநோய் பற்றித் தமிழில் எழுதப்படும் பொது அறிவியல் கட்டுரைகளில் ஒரு கருத்து ஏறக்குறையத் தவறாமல் இடம்பெறுகிறது. உடலின் எதிர்ப்புச் சக்தி குறைந்தால் கட்டி வளரும். அதைக் கூட்டினால் கட்டி அடங்கும் என்பதே அது. இவ்வாறு எழுதுபவர்களில் மருத்துவர்களும் உண்டு, மருத்துவம் அறியாதவர்களும் உண்டு. 2020ஆம் ஆண்டின் கொரோனா காலத்துக்குப் பிறகு ‘எதிர்ப்புச் சக்தி’ என்ற சொல் கபசுரக் குடிநீரோடு சேர்ந்து ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. அவிநாசியிலோ திருப்பூரிலோ பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவருக்கு வாய்ப்புற்று என்று தெரிந்தவுடன், உறவினர் முதலில் கொண்டுவந்து கொடுப்பது சத்துமாவு டப்பாவும் ஏதோ ஒரு லேகியமும்தான். அன்பில் குறையில்லை. அந்த அன்புக்குத் திசை காட்டிய எழுத்தில்தான் குறை இருக்கிறது.

அந்த எழுத்தை விமர்சிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ‘சக்தி’ என்ற சொல் தடுப்பாற்றலை ஒரு பாத்திரத்தில் ஊற்றி அளக்கக்கூடிய பொருளாகக் காட்டுகிறது. கூடுதலாக இருந்தால் நல்லது, குறைந்தால் கெட்டது என்று ஆகிவிடுகிறது. உயிரணுவின் மேல் அமர்ந்திருக்கும் ஏற்பிகள் என்ன செய்கின்றன என்று பார்த்தால் இந்தக் கணக்கு முதல் படியிலேயே பிசகுகிறது. தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல் ‘நோய்த்தடைக்காப்பியல்’ என்கிறது. இலங்கைப் பாடநூல்கள் ‘நிர்ப்பீடனம்’ என்கின்றன. இரண்டும் நாவில் எளிதில் வராத சொற்களே. ஆனாலும் இரண்டிலும் ‘சக்தி’ இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

ஏற்பி போராடுவதில்லை

பின்னலாடை ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. நிட்டிங் மிஷினில் நூல் அறுந்தால் ஒரு விளக்கு எரியும், மிஷின் தானாக நிற்கும். நூல் அறுந்ததைக் கண்டுகொண்ட அந்தச் சிறு உணர்கருவி நூலை முடிவதில்லை, துணியைச் சரி செய்வதுமில்லை. அது தகவல் மட்டுமே சொல்கிறது. அதன் பிறகு ஆள் வருவாரா, எத்தனை பேர் வருவார்கள், வந்து என்ன செய்வார்கள் என்பதெல்லாம் வேறு விஷயம். ஏற்பியும் அப்படித்தான். அது ஒரு மூலக்கூற்றைப் பிடிக்கிறது; பிடித்ததை உயிரணுவின் உள்ளே சொல்கிறது. உள்ளே ஒரு புரதம் இன்னொன்றைத் தொட, அது வேறொன்றைத் தொட, கடைசியில் உட்கருவில் சில மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. தமிழ்க் கட்டுரைகளில் வரும் ‘போர்வீரர்’ உவமை இந்த இடத்தை முழுவதுமாக மறைத்துவிடுகிறது. வீரருக்கு எதிரி யார் என்று தெரியும். ஏற்பிக்கு அது தெரியாது. தன் வடிவத்துக்குப் பொருந்தும் ஒன்று வந்ததா இல்லையா என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

இவ்வகை ஏற்பிகளில் அதிகம் ஆராயப்பட்டவை டோல் போன்ற ஏற்பிகள். ‘டோல்’ என்பது ஜெர்மன் மொழியில் வியப்பைக் குறிக்கும் சொல். அவிநாசி சாலையில் செல்வோர் நினைக்கக்கூடிய சுங்கச்சாவடிக்கும் இதற்கும் தொடர்பில்லை. பழ ஈயின் கரு வளர்ச்சியை ஆராய்ந்தபோது கண்ட ஒரு மரபணுவுக்கு இப்பெயர் வந்தது. அந்த மரபணு இல்லாத ஈக்கள் பூஞ்சைத் தொற்றில் இறப்பதை 1996இல் பிரான்சில் ழூல் ஹோஃப்மான் குழுவினர் காட்டினார்கள். 1998இல் அமெரிக்காவில் புரூஸ் பாய்ட்லர், எலியில் பாக்டீரியாவின் புறச்சுவர் நஞ்சை உணர்வது டோல் போன்ற ஏற்பி 4 என்று கண்டார். இருவருக்கும் 2011ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. அதே பரிசைப் பகிர்ந்த ரால்ஃப் ஸ்டைன்மன், கணையப் புற்றுநோயால், அறிவிப்புக்கு மூன்று நாள் முன்னர் இறந்துபோயிருந்தார். தாம் கண்டறிந்த கிளை உயிரணுக்களைக் கொண்டே தமக்குச் சிகிச்சையும் செய்து பார்த்தவர் அவர்.

மனிதரில் இவ்வகை ஏற்பிகள் பத்து உள்ளன. சில உயிரணுவின் வெளிச்சுவரில் இருந்து பாக்டீரியாவின் கொழுப்பையும் கசையிழைப் புரதத்தையும் உணர்கின்றன. சில உள்ளறைகளில் இருந்து நச்சுயிரியின் மரபுப் பொருளை உணர்கின்றன. பெரும்பாலானவை மைடி88 என்ற இடைப் புரதத்தின் வழியே செய்தி அனுப்பி, அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை இயக்குகின்றன. பாக்டீரியா இல்லாவிட்டாலும், சிதைந்த உயிரணுவிலிருந்து கசியும் பொருள்களையும் இவற்றில் சில பிடித்துக்கொள்ளும். புற்றுநோய்க்கும் இவற்றுக்கும் உள்ள உறவு இங்குதான் தொடங்குகிறது.

ஒரே மணி, இரண்டு விளைவு

நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற அறுவை மருத்துவர் 1890களில் பாக்டீரியாவையும், பின்னர் கொல்லப்பட்ட பாக்டீரியாக் கலவையையும் கட்டிகளில் செலுத்தினார். சிலருக்குக் கட்டி கரைந்தது. இந்தக் கதையைத் தமிழில் பலர் எழுதியிருக்கிறார்கள்; எதிர்ப்புச் சக்தியைத் தூண்டினால் புற்று ஓடும் என்பதற்கு அதைச் சான்றாகவும் காட்டுகிறார்கள். அதோடு நிறுத்திக்கொள்வதுதான் பிழை.

கதையின் மறுபாதி இதற்கு நேர் எதிரானது. குடலில் கட்டிகள் உருவாகும் மரபுக் குறையுடைய எலிகளில் மைடி88ஐ நீக்கிப் பார்த்தபோது கட்டிகள் குறைந்தன. ராகோஃப்-நாகூம், மெட்சிடோவ் ஆகியோரின் இந்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. அதாவது, அங்கே ஏற்பியின் மணி அடிக்க அடிக்கக் கட்டி வளர்ந்திருக்கிறது. மனிதரில் இன்னும் தெளிவான சான்று உண்டு. வால்டன்ஸ்ட்ராம் என்னும் அரிய வகை இரத்தப் புற்றுநோயில், நோயாளிகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினரின் புற்றணுக்களில் மைடி88 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பது 2012இல் தெரியவந்தது. அந்த மாற்றத்தால் ஏற்பி எதையும் பிடிக்காமலே உள்ளே மணி ஓயாமல் அடிக்கிறது. உயிரணு சாக மறுக்கிறது. இந்நோய்க்கு 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இப்ரூட்டினிப் மாத்திரை செய்வது, அந்தச் செய்தித் தொடரை இடையில் அறுப்பதுதான். இங்கே மருத்துவம் எதையும் கூட்டவில்லை, அடக்குகிறது.

நாட்பட்ட அழற்சி புற்றுக்கு மண்ணாகிறது என்பது இதையே பெரிய அளவில் காட்டுகிறது. இரைப்பையில் ஹெலிகோபாக்டர், கல்லீரலில் பி வகை மஞ்சள்காமாலை நச்சுயிரி, வாயில் ஓயாத புகையிலைப் புண் என எங்கும் தடுப்பாற்றல் தூங்கிவிடவில்லை. ஆண்டுக்கணக்கில் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. இரவு ஷிப்டில் தூக்கம் வராமலிருக்கக் கன்னத்தில் ஒதுக்கும் புகையிலை, அந்த இடத்தில் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிறது என்று எழுதுவது பாதி உண்மைகூட ஆகாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வழக்கமான வேதிச்சிகிச்சை மருந்துகள் சில, புற்றணுவைக் கொல்லும்போது அதிலிருந்து ஒரு புரதம் கசிகிறது. அதை டோல் போன்ற ஏற்பி 4 பிடித்தால்தான் சுற்றியுள்ள தடுப்பணுக்கள் அந்தச் சாவைக் கவனிக்கின்றன. இந்த ஏற்பியில் பிறவியிலேயே ஒரு சிறு மாற்றம் கொண்ட மார்பகப் புற்று நோயாளிகளுக்குச் சிகிச்சைக்குப் பின் நோய் விரைவாகத் திரும்பியதை அப்பெட்டோவும் அவருடன் ஆய்ந்தவர்களும் 2007இல் எழுதினார்கள். முன்பு சொன்ன எலி ஆய்வு வந்த அதே ஆண்டு. ஒன்றில் செய்தித்தொடர் குற்றவாளி, மற்றொன்றில் அதே தொடரின் ஏற்பி காவலாளி. இரண்டு ஆய்வுகளையும் ஒரே கட்டுரையில் வைத்துப் பேசும் தமிழ் எழுத்து மிகக் குறைவு. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும்போதுதான் ‘கூட்டினால் நல்லது’ என்ற வாய்பாடு பிழைத்துக்கொள்கிறது.

அந்த வாய்பாட்டை நம்பி மருந்து நிறுவனங்களும் பணத்தை இழந்திருக்கின்றன. டோல் போன்ற ஏற்பி 9ஐத் தூண்டும் ஒரு மருந்தை, முற்றிய நுரையீரல் புற்றுக்கு வேதிச்சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரும் சோதனைகள் 2007இல் நிறுத்தப்பட்டன. ஏற்பி தூண்டப்பட்டது உண்மை. நோயாளிகள் கூடுதல் காலம் வாழவில்லை. அதே குடும்பத்தின் ஏற்பி 7ஐத் தூண்டும் இமிக்விமாட் களிம்போ, தோலின் மேற்பரப்பில் வரும் ஒருவகைப் புற்றுக்கு 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எந்த ஏற்பி, எந்த உறுப்பில், எந்த அளவில், எவ்வளவு நேரம் என்று கேட்காமல் ‘தூண்டும்’ என்று மட்டும் எழுதும் கட்டுரை வாசகருக்கு எதையும் சொல்லவில்லை என்றே கொள்ள வேண்டும்.

சாயமும் சிறுநீர்ப்பையும் பி.சி.ஜி.யும்

திருப்பூர் வட்டாரத்தைப் புற்றுநோயோடு சேர்த்து எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் நொய்யலில் தொடங்கி ஒரத்துப்பாளையம் அணையில் முடிகின்றன. சாயக்கழிவு, ஆகவே புற்றுநோய் என்பது அவற்றின் வாதம். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதற்குக் காரணமான மாசு பெரும் மாசுதான்; அதில் ஐயமில்லை. ஆனால் நொய்யலைக் கெடுத்ததில் முதன்மையானது சாயமேற்றப் பயன்படும் உப்பு. வயல் கெட்டது, கிணறு கெட்டது. புற்றுநோய்க்கும் சாயத்துக்கும் மருத்துவம் உறுதி செய்த தொடர்பு ஆற்றில் அல்ல, பட்டறைக்குள் இருக்கிறது. அதைத் தேடிப் போக 1895க்குப் போக வேண்டும். அந்த ஆண்டில் ஃபிராங்ஃபர்ட் நகரின் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், ஃபுக்சின் என்னும் சாயம் தயாரிக்கும் தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகளைக் கண்டு எழுதினார். பின்னர் பென்சிடின், நாப்தைலமின் போன்ற வேதிப்பொருள்கள் இதற்குக் காரணம் என்று உறுதியானது. இவை உடலில் புகுந்து கல்லீரலில் மாறி, சிறுநீரில் கலந்து, பையில் மணிக்கணக்காகத் தேங்குகின்றன. தேங்கும் இடத்தில்தான் புற்று வருகிறது.

பென்சிடினைக் கொண்டு செய்த சாயங்களையும், உடலில் அத்தகைய பொருள்களாக உடையக்கூடிய அசோ சாயங்களையும் சேர்த்து 112 சாயங்களை இந்திய அரசு 1997க்குள் தடை செய்தது. அதற்கு முன்னரே, 1994இல், ஜெர்மனி தன் நாட்டுக்குள் வரும் துணியில் இவை இருக்கக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தது. ஏற்றுமதியை நம்பிய ஊருக்கு அந்தச் சட்டம் சொன்னதே வேத வாக்கு. அணிபவரின் தோலுக்காக வந்த சட்டம் சாயத்தொட்டியருகே நின்றவரையும் காத்தது என்பதைப் பாராட்டலாம். அது வருவதற்கு முன்பு தொட்டியருகே நின்றவர்களைப் பற்றி நம் கட்டுரைகள் பேசுவதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். இவ்வகைப் புற்று தோன்ற இருபது ஆண்டுகளுக்கும் மேலாகலாம். 1980களில் கைகளால் சாயம் கலக்கியவர்கள் இன்று அறுபதைக் கடந்தவர்கள். வலியே இல்லாமல் சிறுநீரில் இரத்தம் கண்டு, அது ஓரிரு நாளில் நின்றும் விட்டால், உடம்புச் சூடு என்று இளநீர் குடித்துவிட்டு இருந்துவிடுவது வழக்கம். புகைபிடிப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. சிறுநீர்ப்பைப் புற்றுக்குப் புகையே முதற்காரணம்.

சிறுநீர்ப்பையின் உட்சுவரோடு நின்ற புற்றுக்குத் தரப்படும் சிகிச்சை ஏற்பிகளின் கதையில் முக்கியமானது. கட்டியைச் சுரண்டி எடுத்தபின், காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யின் உயிருள்ள பாக்டீரியாவைக் குழாய் வழியே பைக்குள் செலுத்துகிறார்கள். வாரம் ஒரு முறையாக ஆறு வாரம் என்பது தொடக்க முறை. கனடாவில் ஆல்வரோ மொராலெஸ் 1976இல் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதியதிலிருந்து இது வளர்ந்தது. அமெரிக்க அனுமதி 1990இல் கிடைத்தது. பாக்டீரியாவின் சுவர்க் கொழுப்பையும் மரபுப் பொருளையும் டோல் போன்ற ஏற்பிகள் 2, 4, 9 உணர்கின்றன. அழற்சி மூள்கிறது. வெள்ளணுக்கள் பைக்குள் திரள்கின்றன. நோயாளிக்குச் சிறுநீர் எரிச்சலும் காய்ச்சலும் வருவது மருந்து வேலை செய்வதன் ஒரு பகுதியே.

இந்த பி.சி.ஜி.க்கும் தமிழ்நாட்டுக்கும் பழைய கணக்கு உண்டு. சென்னை கிண்டியில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் 1948இல் தொடங்கியது. ராஜாஜி 1955இல் இந்தத் தடுப்பூசிக்கு எதிராகப் பெரும் பிரசாரமே செய்து நூலும் வெளியிட்டார். அவர் வாதங்கள் பலவும் அறிவியலுக்கு ஒவ்வாதவை. ஆயினும் 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கானோரைக் கொண்டு தொடங்கிய நீண்ட சோதனை, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்றே காட்டியது. காசத்துக்குச் செங்கல்பட்டில் தோற்ற அதே பாக்டீரியா சிறுநீர்ப்பையில் வெல்கிறது. இதை ‘எதிர்ப்புச் சக்தி கூடியது’ என்று எப்படி விளக்குவது? உடல் முழுவதும் ஒரு சக்தி கூடியிருந்தால் காசத்தையும் தடுத்திருக்க வேண்டும். வென்றது சக்தி அல்ல, இடம். ஒரு சிறு பைக்குள், கட்டியின் மேலேயே, மணியைக் கையால் அடித்தார்கள்.

தடையை எடுப்பது

இதுவரை சொன்ன ஏற்பிகள் தூண்டுபவை. தடுப்பணுக்களின் மேல் அடக்குபவையும் உண்டு. ஜப்பானில் தசுகு ஹோஞ்சோ 1992இல் பிடி-1 என்ற ஏற்பியைக் கண்டறிந்தார். சிடிஎல்ஏ-4 என்னும் மற்றொரு ஏற்பியைத் தடுத்தால் எலியில் கட்டி கரையும் என்று ஜேம்ஸ் ஆலிசன் 1996இல் காட்டினார். 2018இல் இருவருக்கும் நோபல். புற்றணு தன் மேல் ஒரு புரதத்தை நீட்டி பிடி-1ஐ அழுத்துகிறது. அருகில் வந்த டி அணு ஓய்ந்துபோகிறது. நிவோலுமாப் என்ற எதிர்ப்பொருள் பிடி-1ஐ மூடிக்கொண்டால் புற்றணுவால் அதை அழுத்த முடியாது.

தமிழ்ச் செய்திகளில் இம்மருந்து ‘எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும் அதிசய ஊசி’ ஆகிவிட்டது. அது எதையும் பெருக்குவதில்லை, ஒரு பிரேக்கை விடுவிக்கிறது. அந்த பிரேக் நம் சொந்த உறுப்புகளைக் காப்பதற்காக இருப்பது. அதனால்தான் இம்மருந்து பெற்றவர்களில் சிலருக்குத் தைராய்டு, குடல், நுரையீரல், அரிதாக இதயம் ஆகியவற்றைச் சொந்தத் தடுப்பணுக்களே தாக்குகின்றன. அப்போது மருத்துவர் தருவது ஸ்டீராய்டு, அதாவது தடுப்பாற்றலை அடக்கும் மருந்து. ‘சக்தி’ என்ற சொல்லோடு வளர்ந்த ஒரு குடும்பத்துக்கு இந்த இடத்தில் ஏற்படும் குழப்பம் சிறிதல்ல. கூட்டத்தானே இவ்வளவு செலவு செய்தோம், இப்போது ஏன் குறைக்கிறார்கள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதபடி செய்தது முன்பு அவர்கள் வாசித்த கட்டுரைகளே.

இங்கு இந்தியாவின் சொந்த ஆய்வு ஒன்றைப் பார்க்க வேண்டும். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் விஜய் பாட்டீல், குமார் பிரபாஷ் முதலானோர், முற்றிய தலை-கழுத்துப் புற்று நோயாளிகள் 151 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வாய்வழி மருந்துகள் மூன்று: வாரந்தோறும் மெத்தோட்ரெக்சேட், தினமும் செலிகாக்சிப், எர்லோட்டினிப். மற்றொரு பிரிவுக்கு இவற்றோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப். வழக்கமான அளவு இரு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். ஆறு வாரக் கணக்கில் 720க்கு எதிராக 40; பதினெட்டில் ஒரு பங்கு. ஓராண்டு முடிவில் முதல் பிரிவில் 16.3 விழுக்காட்டினரும், நிவோலுமாப் பிரிவில் 43.4 விழுக்காட்டினரும் உயிரோடு இருந்தனர். இடைநிலை ஆயுள் 6.7 மாதத்திலிருந்து 10.1 மாதமானது. கடுமையான பக்கவிளைவுகள் கூடவில்லை. முடிவுகள் 2022இல் வெளிவந்தன. அனுமதி பெற்ற முழு அளவுச் சிகிச்சைகள் எங்களைப் போன்ற நாடுகளில் 1 முதல் 3 விழுக்காட்டு நோயாளிகளுக்கே எட்டுகின்றன என்பதே ஆய்வாளர்கள் தொடக்கத்தில் சொன்ன காரணம்.

பதினெட்டில் ஒரு பங்கு எப்படி வேலை செய்யும்? பதில் ஏற்பியில் இருக்கிறது. நிவோலுமாபின் முதற்கட்டச் சோதனையிலேயே, 2010இல், குறைந்த அளவிலும் இரத்தத்தில் உள்ள டி அணுக்களின் பிடி-1 ஏற்பிகளில் 70 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பிவிடுவதும், அது வாரக்கணக்கில் நீடிப்பதும் தெரிந்திருந்தது. பேருந்தில் இருக்கை நிரம்பிய பிறகு எத்தனை டிக்கெட் விற்றாலும் உட்கார்ந்தவர் எண்ணிக்கை கூடாது. மருந்தின் அளவைப் பெருக்கினால் பலன் பெருகும் என்ற எண்ணமும் ‘சக்தி’ எண்ணத்தின் அண்ணன்தான். அது மருந்துத் தொழிலுக்கும் வசதியானது.

ஆனால் இந்த ஆய்வைப் பற்றி மகிழ்ச்சியோடு எழுதியவர்களும் கவனமாக எழுதவில்லை. முதலாவதாக, இந்த ஆய்வு குறைந்த அளவை முழு அளவோடு ஒப்பிடவில்லை. நிவோலுமாப் இல்லாததோடுதான் ஒப்பிட்டது. ஆகவே ‘குறைந்த அளவே போதும் என்று நிரூபணம்’ என்ற தலைப்பு தவறு. 2016இல் வெளிவந்த முழு அளவுச் சோதனையில் ஓராண்டு உயிர்வாழ்வு 36 விழுக்காடு; மும்பையில் 43.4, எனவே குறைந்த அளவே மேல் என்று சொல்வது இன்னும் பெரிய தவறு. அந்தச் சோதனையில் இருந்தவர்கள் பிளாட்டினம் மருந்துக்குப் பிறகு ஆறு மாதத்துக்குள் நோய் முற்றியவர்கள். இரண்டும் ஒரே வகை நோயாளிகள் அல்ல. இரண்டாவதாக, ஏற்பி நிரம்பியதை அளந்தது இரத்தத்தில். கட்டியின் நடுவில் மருந்து எவ்வளவு சென்றது என்பது வேறு கேள்வி. மூன்றாவதாக, இது ஒரே மருத்துவமனையில் நடந்த ஆய்வு. நான்காவது, எழுதவே கசப்பானது: கிடைத்தது மூன்றரை மாதம். நோய் பெரும்பாலோருக்குத் திரும்பியது. ‘குணம்’ என்ற சொல்லை இந்த ஆய்வுச் செய்தியில் போட்டவர்கள் அதைத் திரும்பப் பெற வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வில் மிகவும் கவனிக்கத்தக்கது யாரும் அதிகம் பேசாத செலிகாக்சிப். அது மூட்டுவலிக்குத் தரும் அழற்சி மருந்து. அது தடுக்கும் நொதி, டோல் போன்ற ஏற்பிகளின் செய்தி போய்ச் சேரும் அழற்சிப் பாதையால் தூண்டப்படுவது. அதாவது ஒரே மருந்துச் சீட்டில் ஒரு பாதையின் இரைச்சல் அடக்கப்படுகிறது, மற்றொரு பாதையின் தடை எடுக்கப்படுகிறது. கூட்டலும் கழித்தலும் சேர்ந்தே நடக்கின்றன. ‘எதிர்ப்புச் சக்தி’ என்ற சொல்லைக் கொண்டு இந்தச் சீட்டை யாராலும் வாசிக்க முடியாது.

சொல்லால் வரும் கேடு

சொல்லைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா என்று கேட்கலாம். சீந்தில் கொடியின் கதை பதிலாகும். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்காக அதை நாள்தோறும் உட்கொண்டவர்களில், தடுப்பாற்றலே கல்லீரலைத் தாக்கும் வகை நோய் கண்ட ஆறு பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டு பல நகர மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரைப் பற்றி எழுதின. ஆயுஷ் அமைச்சகம் இதை மறுத்தது; அவர்கள் உண்டது வேறு இனக் கொடியாக இருக்கலாம் என்றது. அந்த மறுப்பை எடுத்துக்கொண்டாலும் ஒன்று மிஞ்சுகிறது. கடையில் பொடியாக வாங்குபவருக்கு எந்தக் கொடி என்று தெரிய வழியில்லை. பிடி-1 மருந்து எடுப்பவருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்கெனவே ஓர் ஆபத்து. அதோடு இதுவும் சேர்ந்தால், மஞ்சள்காமாலை எதனால் வந்தது என்று மருத்துவரால் பிரித்தறிய முடியாமல் போகிறது. பயன் தந்துகொண்டிருந்த மருந்தை நிறுத்த வேண்டியும் வரலாம். நாட்டு மருந்தைச் சாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. என்னென்ன உண்கிறார் என்பதை மருத்துவரிடம் மறைக்க வைப்பது வெட்கமும் பயமும்தான். அதைப் போக்குவதும் எழுதுபவர் வேலையில் அடங்கும்.

பணத்தைப் பற்றியும் நம் கட்டுரைகள் மௌனம் காக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். கணவன் ஓவர்லாக்கிலும் மனைவி செக்கிங்கிலும் வேலை பார்க்கும் வீட்டில், வாரச் சம்பளத்தை 52ஆல் பெருக்கினால் அந்த வரம்பு எளிதில் தாண்டிவிடும். முழு அளவு நிவோலுமாபை மாதாமாதம் வாங்கவோ அவர்களால் முடியாது. ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவருக்கு ஒரு வழி உண்டு. பீஸ் ரேட்டில் பெயர் பதியாமல் வேலை செய்பவருக்கு அதுவும் இல்லை. நோயெதிர்ப்புச் சிகிச்சையின் அற்புதங்களை எழுதும் ஒருவர் விலையை எழுதாமல் விட்டால், கோவை நோக்கி அவிநாசி சாலையில் பேருந்து ஏறும் குடும்பம் அதை மருத்துவமனையின் பில் கவுண்டரில்தான் முதன்முதலாக அறிகிறது.

குறைந்த அளவு முறையிலும் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. நிவோலுமாபின் சிறிய குப்பியில் 40 மில்லிகிராம் இருக்கிறது, தேவைப்படுவதோ 20. திறந்த குப்பியை அடுத்த மூன்று வாரத்துக்கு வைத்திருக்க முடியாது. ஒரே நாளில் இரண்டு நோயாளிகள் வந்தால் குப்பியைப் பகிரலாம், செலவும் பாதியாகும். மும்பை போன்ற இடத்தில் அது எளிது. கொங்குப் பகுதியின் சிறு நகர மருத்துவமனை ஒன்றில், இதே மருந்து தேவைப்படும் இன்னொருவரை அதே வியாழக்கிழமைக்கு வரவழைக்க யாராவது தொலைபேசியில் பேசி நாள் குறிக்க வேண்டும்.